நவூருத் தீவு

நாற்புறமும் நீரால் சூழப்பெற்ற நிலப்பகுதி தீவு எனப்படும். தீவுகளுள் பல நாடுகளைத் தம்மகத்தே அடக்கிய பெருந்தீவுகளும் உள. ஒரு சிற்றூரின் பரப்பினை மிகாத குறுந்தீவுகளும் உள. பசிபிக் மாகடலின் நடுவே, நிலநடுக்கோட்டிற்குச் சற்றுத் தெற்கே, தன்னந்தனியாக விளங்கும் நவூரு என்பது அத்தகைய குறுந்தீவுகளுள் ஒன்று. அதன் பரப்பு 21 சதுரக் கிலோமீட்டரே. அதில் வாழும் மக்கள் ஏறத்தாழ 12,000 பேர். எனினும், அது தனிக்கொடியும் நாடாளுமன்றமும் குடியரசுத் தலைவரும் உடைய தன்னுரிமை நாடாகும். உலகிலுள்ள குடியரசுகளுள் பரப்பினால் மிகச் சிறியது இதுவே. ஒரு காலத்தில் உலகின் செல்வ நாடுகளுள் முன்வரிசையில் வைத்து எண்ணப்பெற்ற இந்நாடு, ஒரு தலைமுறைக் காலத்திற்குள் வறுமையின் வாயிலை அடைந்தது. அச்செல்வம் எங்கிருந்து வந்தது, எவ்வாறு சென்றது என்பன அறியத்தக்க செய்திகளாம்.

இருப்பிடமும் அமைப்பும்

நவூருவிற்கு மிக அண்மையில் உள்ள நிலம், கிழக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பனாபா என்னும் மற்றொரு சிறுதீவேயாகும். நவூரு முட்டை வடிவினது. அதனைச் சுற்றிலும் பவளப் பாறைத் திட்டு வேலி போல் அமைந்துள்ளது. கடல் நீர் வற்றும் பொழுது அத்திட்டு வெளியே தோன்றும். அதற்கு அப்பால் கடல் திடுமெனப் பேராழம் உடையதாகின்றது. ஆகவே, இயற்கைத் துறைமுகம் அங்கு இல்லை.

கரையை ஒட்டி ஒரு குறுகிய நிலப்பட்டை தீவினைச் சுற்றிச் செல்கின்றது. அதன் அகலம் பெரும்பாலும் 300 மீட்டருக்கு மேற்படாது. தென்னையும் தாழையும் செழித்து வளரும் இப்பட்டையிலேதான் மக்களின் வீடுகளும் அரசின் அலுவலகங்களும் வானூர்தி நிலையமும் அமைந்துள்ளன. தீவினைச் சுற்றிவரும் சாலையின் நீளம் 20 கிலோமீட்டருக்கும் குறைவு. தலைநகரம் என்று சட்டப்படி வகுக்கப்பெற்ற நகரம் இந்நாட்டிற்கு இல்லை. யாரென் என்னும் வட்டத்தில் அரசின் அலுவலகங்கள் உள.

கரைப்பட்டையிலிருந்து உள்ளே சென்றால் பவளப் பாறைச் சரிவு ஒன்று எழுகின்றது. அதன்மேல் தீவின் ஐந்தில் நான்கு கூறு பரந்து கிடக்கும் மேட்டுநிலம் உளது. அதன் உயர்ந்த இடமும் கடல் மட்டத்திற்கு மேல் 70 மீட்டர் அளவினதே. தென்மேற்கே தாழ்ந்த பள்ளம் ஒன்றில் புவாடா என்னும் உப்பங்கழி உள்ளது. ஆறு என்பது தீவில் இல்லை. நிலத்தடி நீரும் பெரும்பாலும் உவர்ப்புடையது. ஆண்டு மழை சராசரியாக 2,000 மில்லிமீட்டர் அளவினதாயினும், அஃது ஆண்டுதோறும் ஒருபடித்தாகப் பெய்வதில்லை. சில ஆண்டுகளில் வெள்ளமெனக் கொட்டும். சில ஆண்டுகளில் மாதக்கணக்காகப் பொய்க்கும். வானத்தையே நம்பி வாழ்ந்த அம்மக்கள், இக்காலத்தே கடல்நீரைக் குடிநீராக்கும் பொறிகளைச் சார்ந்து வாழ்கின்றனர்.

பண்டை வாழ்க்கை

நவூரு மக்கள் பன்னிரண்டு குலத்தினர். குலம் தாய்வழியே கணக்கிடப்படும். அவர்தம் நாட்டுக் கொடியில் நீல நிறத்தின் நடுவே ஒரு பொற்கோடும், அதன் கீழே பன்னிரண்டு முனைகளையுடைய வெள்ளை விண்மீன் ஒன்றும் காணப்படும். நீலம் கடலையும், பொற்கோடு நிலநடுக்கோட்டையும், அதன் கீழுள்ள விண்மீன் தீவினையும், முனைகள் குலங்களையும் குறிக்கும். ஒரு நாட்டின் இருப்பிடத்தையே கொடியில் எழுதி வைத்த திறம் பாராட்டத்தக்கது.

பழங்காலத்தில் அம்மக்கள் தேங்காயையும் தாழம்பழத்தையும் மீனையும் உணவாகக் கொண்டனர். பவளத் திட்டில் பால்மீன் குஞ்சுகளைப் பிடித்து, நன்னீரில் சிறிது சிறிதாகப் பழக்கி, புவாடாக் கழியில் விட்டு வளர்த்தனர். கழியினைக் குடும்பந்தோறும் பங்கிட்டு, வரம்பு கட்டிக் காத்தனர். கடற்பறவைகளைப் பிடித்துப் பழக்குவதும் அவர்க்கு விருப்பமான தொழிலாக இருந்தது. குறைந்த நிலத்தில் குறைந்த நீரைக் கொண்டு வாழும் கலையை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

1798-ஆம் ஆண்டில் ஜான் பியர்ன் என்னும் ஆங்கிலக் கப்பல் தலைவர் இத்தீவைக் கண்டு, அதன் பசுமையில் உள்ளம் தோய்ந்து, ‘இனிய தீவு’ எனப் பெயரிட்டார். பின்னர் வந்த வணிகரும் கப்பலோட்டிகளும் துப்பாக்கியையும் மதுவையும் தீவிற்குக் கொணர்ந்தனர். குலங்களிடையே 1878 முதல் பத்தாண்டுகள் போர் நிகழ்ந்தது. மக்கட்டொகை பெரிதும் குறைந்தது. 1888-ஆம் ஆண்டில் ஜெர்மனி இத்தீவைத் தன் ஆட்சிக்கு உட்படுத்தியது.

மேட்டுநிலத்தில் மறைந்த செல்வம்

பயிர்கள் வளர்வதற்கு இன்றியமையாத சத்துகளுள் பாஸ்பரஸ் ஒன்று. அச்சத்தினை மிகுதியாக உடைய பாறை பாஸ்பேட் எனப்படும். அதனைப் பொடியாக்கி, கந்தக அமிலத்துடன் கலந்தால் சூப்பர் பாஸ்பேட் என்னும் உரம் கிடைக்கும். நவூருவின் மேட்டுநிலத்தில் இப்பாறை பெருமளவில் படிந்திருந்தது. கடற்பறவைகளின் எச்சம் நெடுங்காலமாகக் குவிந்து, பவளச் சுண்ணாம்புடன் கூடி மாறுதலுற்று, இவ்வாறு பாறையாயிற்று என்பர். மேட்டுநிலத்தின் அடியில் பவளப் பாறைகள் கூரிய தூண்கள் போல் நின்றன. அத்தூண்களின் இடைவெளிகளையெல்லாம் பாஸ்பேட் நிரப்பியிருந்தது. அதன்மேல் மெல்லிய மண்ணும் மரங்களும் மூடியிருந்தமையால், காலின்கீழ் உள்ள செல்வத்தை எவரும் அறியவில்லை.

அதனை வெளிப்படுத்தியது ஒரு கல்லாகும். ஆஸ்திரேலிய நாட்டுச் சிட்னி நகரில், பசிபிக் தீவுகளில் வணிகம் நடத்திய ஒரு கம்பெனியின் அலுவலகத்தில், கதவு அடைபடாமல் இருத்தற்பொருட்டு ஒரு கல் வைக்கப்பட்டிருந்தது. அது நவூருவிலிருந்து கொண்டுவரப்பெற்றது. கல்லாய்ச் சமைந்த மரத்துண்டு என்றே அதனை அனைவரும் கருதினர். அக்கம்பெனியில் பணியாற்றிய ஆல்பர்ட் எல்லிஸ் என்பவர் ஐயுற்று, 1899-ஆம் ஆண்டில் அதனைச் சோதித்துப் பார்த்தார். அது மிக உயர்ந்த வகைப் பாஸ்பேட் என்பது தெரியவந்தது. அதுகாறும் காலால் எற்றப்பட்ட கல், ஒரு தீவின் ஊழையே மாற்றியது.

அகழ்வும் அயலார் ஆட்சியும்

ஜெர்மானிய அரசின் இசைவுடன் 1906-ஆம் ஆண்டில் அகழ்வு தொடங்கியது. முதல் உலகப் போர் மூண்டபொழுது, 1914-இல், ஆஸ்திரேலியப் படை தீவைக் கைப்பற்றியது. போருக்குப்பின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று அரசுகளும் 1919-ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, பாஸ்பேட் உரிமையைத் தமக்குப் பொதுவாக்கின. உலகச் சங்கத்தின் பொறுப்பாட்சி என்னும் பெயரால் ஆஸ்திரேலியா நிர்வாகத்தை நடத்தியது.

துறைமுகம் இல்லாத தீவில் கப்பல்களில் பொருளேற்றுவது அரிய செயலாக இருந்தது. பவளத் திட்டிற்கு அப்பால் ஆழ்கடலில் மிதவைகளை நிறுத்தி, அவற்றில் கப்பல்களைக் கட்டினர். 1930-ஆம் ஆண்டில், கரையிலிருந்து கடலின்மேல் நீண்டு நிற்கும் மாபெரும் இரும்புக் கைகள் அமைக்கப்பட்டன. அவற்றின் வழியே ஓடும் பட்டைகள் பாஸ்பேட்டை நேரே கப்பலின் வயிற்றில் கொட்டின. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வளங்குன்றிய வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் அவ்வுரத்தினால் தழைத்தன. ஆனால், விலை உலகச் சந்தை விலையினும் குறைவாகவே வைக்கப்பட்டது. நிலத்திற்கு உரியவர்களுக்குக் கிடைத்த பங்கு மிகச் சிறிது. நவூருவின் மண் அயல்நாட்டு வயல்களுக்கு எருவாயிற்று.

இதற்கிடையே அம்மக்கள் உற்ற இடர்களும் பல. 1920-ஐ ஒட்டி வந்த நச்சுக்காய்ச்சலால் பலர் மாண்டனர். ஓர் இனமாக நிலைத்து வாழ்வதற்கு 1,500 பேரேனும் வேண்டும் என்று எண்ணி, அத்தொகையை அடையும் நாளை அவர்கள் எதிர்நோக்கியிருந்தனர். 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் பிறந்த ஒரு குழந்தையால் அத்தொகை நிறைவுற்றது. அந்நாள் இன்றும் ‘அங்கம் நாள்’ எனக் கொண்டாடப்படுகின்றது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், ஜப்பானியப் படை தீவைக் கைப்பற்றியது. 1943-இல் தீவினர் 1,200 பேர் தொலைவிலுள்ள திரக் தீவுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கடுந்தொழிலில் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களுள் 1946-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள் உயிருடன் தாய்மண் திரும்பியோர் 737 பேரே. குறைந்த தொகை மீண்டும் 1,500 ஆக, 1949-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அகழ்வு தொடர்ந்தது. பாஸ்பேட்டை எடுத்த பின்னர் எஞ்சியவை பவளத் தூண்களே. கறையான் புற்றுகள் நெருங்கி நின்றாற்போல, மனிதர் உயரத்தினும் பன்மடங்கு உயர்ந்து வெண்சாம்பல் நிறத்தில் அவை நின்றன. அந்நிலத்தில் உழவு செய்ய இயலாது. வீடு கட்ட இயலாது. நடந்து செல்வதும் அரிது. பாஸ்பேட் தீர்ந்தால் தீவினர் எங்கே வாழ்வர் என்னும் வினா எழுந்தது. ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்துக் கரையை அடுத்த கர்ட்டிஸ் தீவில் அவர்களைக் குடியேற்றலாம் என அந்நாட்டரசு கருதியது. தம் தேசியத் தன்மை அழிந்துபடும் என உணர்ந்த நவூரு மக்கள் 1964-ஆம் ஆண்டில் அதனை மறுத்துவிட்டனர். உடைந்த வீடாயினும் தம் வீடே வேண்டும் என்பது அவர்தம் துணிபு.

விடுதலையும் பெருஞ்செல்வமும்

ஹாமர் டி ராபர்ட் என்னும் தலைவரின் முயற்சியால் நவூரு 1968-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள் விடுதலை பெற்றது. சிறைப்பட்டோர் மீண்டுவந்த அதே நாளை விடுதலை நாளாகத் தேர்ந்தெடுத்தமை குறிப்பிடத்தக்கது. பாஸ்பேட் தொழிலின் உடைமைகளை 2 கோடியே 10 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் விலைக்கு வாங்கி, 1970-ஆம் ஆண்டில் அத்தொழிலை நவூரு தன் கையில் ஏற்றது.

அதன்பின் வந்த ஆண்டுகளில் செல்வம் கரைபுரண்டது. உலகச் சந்தையில் பாஸ்பேட்டின் விலை ஏறியது. தலைக்கு விழும் வருமானத்தில் நவூரு உலகின் முதல்வரிசை நாடுகளுள் ஒன்றாயிற்று. மக்கள் வரி செலுத்தவில்லை. கல்வியும் மருத்துவமும் இலவசமாக வழங்கப்பட்டன. சுரங்கத்தில் உழைக்கக் கில்பர்ட் தீவினரும் சீனரும் பிறரும் வந்தனர். சிறு தீவிற்குச் சொந்தமாக வானூர்திக் கம்பெனி ஏற்பட்டது. மெல்போர்ன் நகரில் 52 மாடிகளைக் கொண்ட ‘நவூரு மாளிகை’ 1977-ஆம் ஆண்டில் எழுந்தது.

பாஸ்பேட் என்றேனும் ஒருநாள் தீரும் என்பதைத் தலைவர்கள் அறியாமல் இல்லை. ஆகவே, வருவாயில் ஒரு பகுதியைக் காப்பு நிதியில் சேர்த்து, அதனைப் பல நாடுகளில் முதலீடு செய்தனர். குன்று தீர்ந்த பின்னர் அந்நிதியின் வட்டியைக் கொண்டு மக்கள் வாழலாம் என்பது திட்டம். திட்டம் நன்றே, அதனை நடத்திய முறையே தவறாயிற்று.

செல்வம் தேய்ந்த வகை

விளைநிலம் தரும் செல்வமும் சுரங்கம் தரும் செல்வமும் ஒரு தன்மையன அல்ல. விளைநிலம் பேணுவார்க்கு ஆண்டுதோறும் பயன் தரும். சுரங்கமோ ஒருமுறையே தரும். சுரங்கத்திலிருந்து பெற்ற பொருளை வருவாய் என்று கருதிச் செலவிடுதல் விதைநெல்லைக் குத்தி உண்பதனோடு ஒக்கும். வயிறு அன்று நிறையும். அடுத்த பருவத்தில் வயல் தரிசாகும்.

நவூருவில் நிகழ்ந்தது இதுவே. அரசின் செலவு வரவினை மிஞ்சியது. காப்பு நிதியை ஈடு காட்டிக் கடன் வாங்கினர். தகுதியில்லா அறிவுரையாளரின் சொற்கேட்டும், சில வஞ்சகரை நம்பியும் பொருளை இழந்தனர். 1993-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஓர் இசை நாடகத்திற்குப் பெரும்பொருள் செலவிட்டனர். அந்நாடகம் சில வாரங்களிலேயே நின்றுபோயிற்று. 1990-ஐ அடுத்த ஆண்டுகளில் பாஸ்பேட் குறையத் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் எளிதில் எடுக்கத்தக்கது பெரும்பாலும் தீர்ந்தது. கடன் மட்டும் வளர்ந்தது. 2004-ஆம் ஆண்டில் மெல்போர்ன் மாளிகையும் விற்கப்பட்டது. ‘குந்தித் தின்றால் குன்றும் மாளும்’ என்பது பழமொழி. நவூருவில் அப்பழமொழி உவமையாகவன்றி உண்மையாகவே நிகழ்ந்தது.

செல்வம் உடல்நலத்தையும் கெடுத்தது. மீனும் தேங்காயும் உண்டு உழைத்து வாழ்ந்தவர்கள் உழைப்பை விட்டனர். கப்பலில் வந்த அரிசியையும் மாவினையும் டப்பிகளில் அடைத்த இறைச்சியையும் சர்க்கரை கலந்த பானங்களையும் நாடினர். நீரிழிவு நோய் மிகுதியாகவுள்ள நாடுகளுள் ஒன்றாக நவூரு ஆயிற்று. பயிரிட நிலம் எஞ்சாமையால், இன்றும் உணவின் பெரும்பகுதி கடல் கடந்தே வருகின்றது.

நீதிமன்றத்தில் ஒரு சிறுநாடு

குறை முழுதும் தீவினருடையதே எனல் பொருந்தாது. விடுதலைக்கு முன்னரே தீவின் மூன்றில் ஒரு கூறு அகழப்பட்டுப் பாழாக்கப்பட்டிருந்தது. அந்நிலத்தைச் செப்பனிடும் பொறுப்பு யாருடையது என ஆராய, 1986-ஆம் ஆண்டில் நவூரு அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. இலங்கையைச் சேர்ந்த சட்டப் பேரறிஞர் கிறிஸ்டோபர் வீரமந்திரி அதற்குத் தலைமை தாங்கினார். ஆட்சி புரிந்த நாடுகளே பொறுப்பேற்றல் வேண்டும் என அக்குழு கண்டது. 1989-ஆம் ஆண்டில் நவூரு, உலக நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியாவின்மீது வழக்குத் தொடுத்தது. வழக்கினை ஏற்கலாகாது என ஆஸ்திரேலியா எழுப்பிய தடைகளுள் முதன்மையானவற்றை 1992-இல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. தீர்ப்புக்கு முன்னரே, 1993-ஆம் ஆண்டில், இரு நாடுகளும் இணங்கின. ஆஸ்திரேலியா 10 கோடியே 70 இலட்சம் டாலர் வழங்க உடன்பட்டது. பிரிட்டனும் நியூசிலாந்தும் அதில் பங்கேற்றன. சில ஆயிரம் மக்களே வாழும் நாடு ஒரு கண்டத்தையே ஆளும் நாட்டுடன் அறமன்றத்தில் நேர்நின்று வழக்காடியமை, சட்டத்தின்முன் சிறியோரும் பெரியோரும் ஒன்றே என்பதற்குச் சான்றாகும்.

இக்கால நிலை

இக்காலத்தே நவூருவின் பெருஞ்செல்வம் கடலேயாகும். அதற்கு உரிமையான கடற்பரப்பு 3 இலட்சம் சதுரக் கிலோமீட்டருக்கு மேற்பட்டது; நிலத்தைப்போல் அஃது ஏறத்தாழ 15,000 மடங்கு. அக்கடலில் சூரை மீன் மிகுதி. அயல்நாட்டு மீன்பிடி கப்பல்கள் தனித்தனி நாடுகளுடன் பேசி, குறைந்த கட்டணத்திற்கு மீனை வாரிச் சென்றன. அதனைத் தடுக்க, 1982-ஆம் ஆண்டில் பசிபிக் தீவு நாடுகள் சில கூடி ‘நவூரு உடன்படிக்கை’ செய்துகொண்டன. இக்கூட்டில் எட்டு நாடுகள் உள. ஆண்டொன்றுக்கு எத்துணை நாள் மீன் பிடிக்கலாம் என வரையறுத்து, அந்நாள்களைக் கப்பல்களுக்கு அவை விற்கின்றன. ஒரு கப்பல் ஒரு நாள் மீன் பிடிக்கக் குறைந்தது 8,000 அமெரிக்க டாலர் என 2015-ஆம் ஆண்டில் விலை வகுத்தன. நாள்களுக்கு வரம்பிருத்தலின் மீன்வளமும் காக்கப்படுகின்றது. ஒற்றுமையினால் விலையும் உயர்ந்தது. அளவறிந்து எடுத்தால் மீன் மீண்டும் பெருகும், பாஸ்பேட் பெருகாது. இவ்வேறுபாட்டை நவூரு பெருவிலை கொடுத்துக் கற்றது.

ஆஸ்திரேலியாவில் புகலிடம் நாடிக் கடல்வழி வந்தோரைத் தங்கவைக்கும் நிலையம் 2001-ஆம் ஆண்டில் நவூருவில் ஏற்படுத்தப்பட்டது. 2008-இல் மூடப்பட்டு, 2012-இல் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் பொருட்டு ஆஸ்திரேலியா அளித்த தொகை நாட்டின் வருவாயில் பெரும்பகுதியாயிற்று. அங்கு அடைபட்டோரின் துயரம் உலகோரின் கண்டனத்திற்கு இலக்காயிற்று. 2015-ஆம் ஆண்டில் புதியதொரு காப்பு நிதி தொடங்கப்பட்டது. முன்னைய தவறு மீண்டும் நிகழாதவாறு, பணம் அளிக்கும் அயல்நாடுகளின் சார்பாளரும் அதன் மேற்பார்வையில் பங்கு கொள்கின்றனர்.

கடல் மட்டம் உயர்ந்து வருதலால் கரைப்பட்டையில் வாழ்வது நாளடைவில் இடராகும். ஆகவே, பாழ்பட்ட மேட்டுநிலத்தைச் செப்பனிட்டு, அங்கு மக்களைக் குடியேற்றும் திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. முன்னோர் தோண்டி எறிந்த நிலமே பின்னோர்க்குப் புகலிடமாக வேண்டியுள்ளது. மற்றொருபுறம், பசிபிக் ஆழ்கடலின் அடியில் கிடக்கும் கனிமக் கட்டிகளை எடுக்க ஒரு கம்பெனிக்கு நவூரு துணைநிற்கின்றது. அதற்குரிய விதிகளை விரைந்து வகுக்குமாறு 2021-ஆம் ஆண்டில் பன்னாட்டுக் கடற்படுகை ஆணையத்திற்கு அறிவிப்புக் கொடுத்தது. இதனால் வளம் பெருகும் என்பார் ஒருசாரார். அறியப்படாத ஆழத்தில் வாழும் உயிர்கள் அழியும் என அஞ்சுவார் மற்றொருசாரார்.

மண்ணும் நீரும் மரமும் கனிமமும் ஒரு தலைமுறையினருக்கு மட்டும் உரியன அல்ல. முன்னோரிடமிருந்து பெற்றதைப் பின்னோர்க்கு ஒப்படைக்கும் கடமை ஒவ்வொரு தலைமுறைக்கும் உண்டு. நவூரு மக்கள் தம் தவற்றின் பயனையும் பிறர் தவற்றின் பயனையும் ஒருங்கே சுமந்தவர்கள். எனினும், நோயும் போரும் வறுமையும் வந்தபோதும் அவர்கள் தம் தீவைக் கைவிடவில்லை. சுற்றிலும் பசுமை, நடுவே வெண்பாறைக் காடு. இதுவே இன்று வானிலிருந்து காண்பார்க்குத் தோன்றும் நவூரு. அப்பாறைக் காட்டிடையே மீண்டும் மண் நிரப்பி மரம் நடும் பணி நடைபெறுமாயின், பியர்ன் இட்ட பெயர் அத்தீவிற்கு மறுபடியும் பொருந்துவதாகும்.